வவுச்சர் இல்லாத நிலா

நான் படித்தது பி.காம். ஆகாயத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது மழை வருமா என்று அண்ணாந்து பார்ப்பதோடு சரி. இருந்தாலும் கொட்டிவாக்கத்தில் கடலுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன், பத்திரிகையில் எழுதுகிறேன் என்கிற இரண்டே தகுதிகளை வைத்து, ‘நட்சத்திரத்தைப் படம் பிடிக்கச் சின்னதாக ஒரு கேமரா சொல்லுங்களேன்’ என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியாகக் கேட்டது அண்ணன் மகள். ஒன்பதாவது படிக்கிறாள்.

அண்ணனுக்கு இஷ்டமில்லை. “எதுக்குடா தெண்டச் செலவு? போன்லயே நிலா சூப்பரா விழுது பாரு” என்று நீட்டினார். விழுந்துதான் இருந்தது. பள்ளம், மேடு எல்லாம் பளிச்சென்று.

போன் நிலாவில் ஒரு சங்கதி இருக்கிறது. 2023ல் ஒரு ஆசாமி, நிலாப் படம் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் போட்டு, விளக்கை அணைத்துவிட்டுத் தன் சாம்சங் போனில் அதைப் படம் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளமெல்லாம் போன் படத்தில் வந்து உட்கார்ந்திருந்தது! நிலா என்று அடையாளம் தெரிந்தால் செயற்கை அறிவைக் கொண்டு விவரங்களைக் கூட்டுகிறோம் என்று கம்பெனியே விளக்கம் சொன்னது. எங்கள் பாஷையில் இதற்கு வவுச்சர் இல்லாத என்ட்ரி என்று பெயர். தொகை சரியாகவே இருக்கலாம். ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார்.

“அப்போ அது நான் எடுத்த நிலா இல்லையா சித்தப்பா?” என்றாள் பெண். அதற்கு அண்ணனிடம் பதில் இல்லை. கேமரா சாங்ஷன் ஆகிவிட்டது.

(எல்லாப் போனும் பொய் சொல்லும் என்று அர்த்தமில்லை. ‘ப்ரோ’ மோடில் வைத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, ‘ரா’ ஃபைலாக எடுத்தால் பல போன்கள் யோக்கியமாகவே நடந்துகொள்ளும்.)

வாங்கப் போகிறவர்கள் மெகாபிக்சலைப் பார்க்காதீர்கள். சென்சாரைப் பாருங்கள். ‘ஒரு இஞ்ச் சென்சார்’ என்பார்கள். ஸ்கேல் வைத்து அளந்தால் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்தான். மூலைக்கு மூலை இழுத்தாலும் 16 மில்லிமீட்டர் தேறாது. அந்தக் காலத்து டிவி கேமராக் குழாயின் வெளி விட்டத்தைக் கொண்டு பேர் வைத்த பழக்கம் இன்னும் போகவில்லை. குழாய் போய் எத்தனையோ காலமாகிறது. போகட்டும், இதுவே சாதாரண சட்டைப்பை கேமராவின் சென்சாரைப் போல நாலு மடங்கு பரப்பு. அடுத்தது லென்ஸின் எஃப் எண். சின்னதாக இருந்தால் நல்லது. எஃப் 2.8ஐ விட 1.8 கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மூன்றாவது, எத்தனை விநாடி திறந்திருக்க வேண்டும் என்று நாமே சொல்கிற வசதி. இது இல்லாத கேமராவைக் கல்யாணத்துக்கு எடுத்துப் போங்கள்.

2012ல் வந்த முதல் சோனி ஆர்.எக்ஸ்.100ல் இந்த மூன்றுமே உண்டு. கேனன் ஜி7எக்ஸும் அப்படித்தான். ரிக்கோ ஜி.ஆர்.3க்குச் சென்சார் இன்னும் பெரிசு, விலையும்தான். செகண்ட் ஹேண்டில் பழைய மாடல் போதும். நட்சத்திரங்கள் அப்படியேதான் இருக்கின்றன. நிலா மட்டும் போதும் என்பவர்களுக்கு நிகான் பி900 மாதிரி நீண்ட ஜூம். ஆனால் அது சட்டைப்பையில் நுழையாது, பப்பாளிப் பழம் சைஸ்.

விநாடிக் கணக்கு சுலபம். 500ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுங்கள். 28 என்றால் சுமார் 18 விநாடி. அதற்கு மேல் போனால் பூமி சுற்றுகிற சுற்றில் புள்ளி கோடாகிவிடும். கொட்டிவாக்கத்தில் அந்த 18ம் வேண்டாம். ஈ.சி.ஆர். வெளிச்சத்தில் படம் வெளுத்துவிடும். எட்டு விநாடி வீதம் 16 படம் எடுத்து, டீப் ஸ்கை ஸ்டேக்கர் என்ற இலவச சாப்ட்வேரில் சராசரி போட்டால் புள்ளி புள்ளியான இரைச்சல் கால்வாசியாகக் குறையும். சராசரி என்றதும் எனக்கே தைரியம் வந்துவிட்டது.

நல்ல வேளையாக எங்களுக்குக் கிழக்கே கடல். மார்கழியில் இருட்டியதும் திருவாதிரையும் அதன் பக்கத்து மூன்று நட்சத்திர வரிசையும் தண்ணீரிலிருந்து ஏறி வரும். மேலே கார்த்திகைக் கூட்டம். ஆருத்ரா தரிசனத்தன்று மட்டும் போகாதீர்கள். பௌர்ணமி நிலா பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் அழித்துவிடும். உப்புக்காற்று பத்தே நிமிஷத்தில் லென்ஸ் மேல் படலம் போடும், மெல்லிய துணி அவசியம். பால்வீதியெல்லாம் இங்கே நடக்காது. அதற்கு ஜவ்வாது மலைப் பக்கம், காவலூர் மாதிரி இருட்டு வேண்டும்.

டார்ச், ஃபிளாஷ் கூடவே கூடாது. ஜனவரியிலிருந்து இதே மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக நடந்து முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். பொரித்து வரும் குஞ்சு, வெளிச்சம் இருக்கிற திசைதான் கடல் என்று நினைக்கும். நம் தெருவிளக்கை நம்பி ரோட்டுக்கு ஏறிச் சாகும். இருட்டு வேண்டும் என்று நான் எழுதினால் நட்சத்திரத்துக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

அண்ணன் மகளிடம் கேமராவோடு ஒரு பேரேடும் வாங்கிக் கொடுத்தேன். “இது எதுக்கு?” என்றாள். கொடைக்கானல் கதையைச் சொன்னேன். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் செத்து விழுந்ததைப் பார்த்த பிறகு, மழைக்கும் சூரியனுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று ஆராயத் தோன்றியதுதான் அந்த வானாய்வகத்துக்கு ஒரு காரணம். 1904ல் ஆரம்பித்து நூறு வருஷத்துக்கு மேல், வானம் திறந்த நாளெல்லாம் சூரியனை எடுத்து, தேதியோடு அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆறு அங்குல லென்ஸ், கண்ணாடித் தகடு. சூரியனுக்கு இப்படி ஒரு நாள்குறிப்பு உலகத்தில் அபூர்வம். இன்றைக்கும் விஞ்ஞானிகள் அந்தத் தகடுகளின் பிரதியைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கரும்புள்ளிகளை எண்ணுகிறார்கள். அத்தனையும் ஒரிஜினல் வவுச்சர்!

பேரேட்டில் இதுவரை மூன்று பதிவுகள். முதலாவது: தேதி, மணி 7.40, எட்டு விநாடி, ஐ.எஸ்.ஓ. 800, மூன்று புள்ளிகள், நடுவே மீனம்பாக்கத்துக்குப் போகிற விமானத்தின் கோடு. இரண்டாவது நாள் கார்த்திகையில் ஐந்து தெரிந்ததாம், ஆறாவதற்குக் கேள்விக்குறி போட்டிருக்கிறாள். மூன்றாவது நாளுக்கு எதிரே, பச்சை மையில், ‘மேகம். படம் இல்லை.’