பயணத்திற்கான பொருளும் பொழுதும்



"ஹஜ்ரத், மதரஸா ஊதியத்தை வைத்துக்கொண்டு இத்தனை ஊர்களுக்கு எப்படிச் சென்று வருகிறீர்கள்? விடுமுறை எப்படிக் கிடைக்கிறது?" என்று ஜும்ஆவுக்குப் பின் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. மறைவாக ஏதேனும் வருமானம் இருக்குமோ என்ற ஐயம் சிலருடைய கேள்வியில் தொனிக்கும். அப்படி எதுவும் இல்லை. மாதம் 18,000 ரூபாய் ஊதியம், மாலையில் சில பிள்ளைகளுக்கு அரபுப் பாடம் நடத்துவதால் வரும் சிறுதொகை, அவ்வளவே. கேட்டவர்களுக்கு நின்ற இடத்தில் சொல்லி முடிக்க இயலாததைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறோம்.

பூமியில் சுற்றித் திரிந்து, முன்னிருந்தோரின் நிலையையும் படைப்பின் தொடக்கத்தையும் கண்டு சிந்திக்குமாறு அல்குர்ஆன் பல இடங்களில் அழைக்கிறது. அதே வேளையில், பயணம் என்பது உணவையும் உறக்கத்தையும் கெடுக்கும் ஒரு வேதனை, எனவே வந்த காரியம் முடிந்ததும் விரைந்து குடும்பத்தாரிடம் திரும்புங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் அறிவுரை. போகச் சொன்ன மார்க்கமே திரும்பவும் சொல்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எவ்வளவு செலவிடலாம், எத்தனை நாள் தங்கலாம் என்ற கணக்கு நேராகும்.

முன்னோர் எப்படிப் பயணித்தார்கள்?

ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள், ஷாமில் இருந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் உள்ள ஒரேயொரு நபிமொழியைக் கேட்பதற்காக ஓர் ஒட்டகத்தை விலைக்கு வாங்கி, ஒரு மாத காலம் பயணம் செய்தார்கள். அவர்களுடைய நோக்கம் உயர்ந்தது. அதற்கு விலையும் இருந்தது. அந்த விலையை அவர்கள் தம் கையிலிருந்தே கொடுத்தார்கள்.

உலகப் பயணி இப்னு பதூதாவை எல்லோரும் அறிவோம். 1325ஆம் ஆண்டு, தம் 21ஆம் வயதில் மொராக்கோவின் தஞ்சியர் நகரிலிருந்து ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டவர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் எப்படிச் செலவைச் சமாளித்தார்? வழியெங்கும் இருந்த தங்கும் விடுதிகளும் அரசர்களின் கொடைகளும் உதவின. அவர் கற்ற கல்வியும் உதவியது. முஹம்மத் பின் துக்ளக்கின் ஆட்சியில் தில்லியிலும், பின்னர் மாலத்தீவிலும் காஜியாகப் பணிபுரிந்தார். ஆயினும் தில்லியில் பெருங்கடனில் சிக்கி, சுல்தான் கொடுத்த பிறகே மீண்டார். நம் தமிழகத்துக்கும் அவர் வந்திருக்கிறார். மதுரையில் சுல்தான்கள் ஆண்ட காலம் அது. அங்கே கொள்ளைநோய் பரவியபோது தாமும் காய்ச்சலில் விழுந்ததாகவும், புளியைக் கரைத்துக் குடித்துக் குணமடைந்ததாகவும் எழுதி வைத்திருக்கிறார்.

அவருடைய வரலாற்றில் நம் மனத்தை அழுத்துவது வேறொன்று. ஊர் திரும்பும் வழியில், தம் தந்தை பல ஆண்டுகளுக்கு முன்பே மரணித்துவிட்ட செய்தி திமிஷ்கில் அவருக்குக் கிடைத்தது. தாயாரையாவது காண்போம் என்று மேற்கே விரைந்தவருக்கு, ஊரை நெருங்கும் வேளையில், கொள்ளைநோயில் தாயாரும் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. காணாத நாடில்லை என்று பெயர் பெற்றவர், பெற்றோர் இருவரின் இறுதி நாள்களையும் காணவில்லை. பயணத்தின் செலவைக் கணக்கிடும்போது பயணச்சீட்டின் விலையோடு நிறுத்திவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பொருள்: வரிசையே வழி

ஹஜ் கடமையாவதற்குச் சக்தி பெற்றிருக்க வேண்டும். அந்தச் சக்தி எது என்பதை நம் இமாம்கள் விளக்கியிருக்கிறார்கள். கடன்களுக்கு உரியது போக, திரும்பி வரும்வரை தம் பொறுப்பில் உள்ளோரின் உணவு, உடை, உறைவிடத்துக்கு உரியதும் போக, எஞ்சியதில் போய்வர முடிய வேண்டும். கடமையான பயணத்துக்கே இந்த வரிசை என்றால், விருப்பப் பயணத்துக்கு அது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

ஊதியம் கைக்கு வந்ததும் நாம் அதை உறைகளில் பிரித்து வைக்கிறோம். வீட்டு வாடகை, மளிகை, பிள்ளைகளின் படிப்பு, மேலப்பாளையத்தில் இருக்கும் உம்மாவுக்கு அனுப்புவது, மருத்துவம் என ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை உண்டு. கடைசி உறைதான் பயணத்துக்கு உரியது. அதில் மாதம் 1,500 ரூபாய் சேரும். ஈராண்டில் 36,000 ரூபாய். அதைக்கொண்டு ஒருமுறை பிள்ளைகளை ஹைதராபாத்துக்கு அழைத்துச் சென்றோம். 1591இல் எழுப்பப்பட்ட சார்மினாரையும், அதன் அருகிலுள்ள மக்கா மஸ்ஜிதையும் அவர்கள் கண்ணால் கண்டார்கள். படுக்கை வசதிப் பெட்டி, எளிய விடுதி, முதல் நாளுக்குக் கட்டிச் சென்ற புளிச்சோறு என்று செலவு அடங்கிவிட்டது.

ஆண்டுதோறும் அப்படிப் போய்விட முடிவதில்லை. உம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்த ஆண்டில், மருத்துவ உறை போதாமல் பயண உறையும் காலியானது. அவ்வாண்டு கோல் கும்பஸ் காண பீஜப்பூர் போவதாகப் பேசி வைத்திருந்தோம். இளைய மகன் மட்டும் சில நாள்கள் முகம் வாடியிருந்தான். "உம்மும்மாவின் கண் தெளிந்த பிறகு அவர்களையே போய்ப் பார்ப்போம்" என்று துணைவியார் அவனைத் தேற்றினார்கள். போனோம். பேரனின் முகத்தைத் தெளிவாகப் பார்த்த உம்மா, "இவ்வளவு வளர்ந்துட்டியா வாப்பா!" என்று கன்னத்தைத் தடவினார்கள். வரிசையைக் காத்ததில் நமக்கு இழப்பு ஏதும் தெரியவில்லை.

சிக்கனத்துக்கு உதவும் சில செய்திகளையும் சொல்லிவிடுகிறோம். ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாள்களிலிருந்து 60 நாள்களாகக் குறைந்துவிட்டது. தேதியைக் குறித்துவைத்து முதல் நாளிலேயே பதிவு செய்வது நல்லது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. 5 முதல் 12 வயதுக்கு உட்பட்டோர் படுக்கை வேண்டாமெனில் பாதிக் கட்டணம். படுக்கை வேண்டுமெனில் முழுக் கட்டணம். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பெற்றோரை அழைத்துச் செல்வோர் பழைய நினைவில் கணக்கிட்டுவிட வேண்டாம்.

இப்போது "இன்று பயணம், நாளை தவணை" என்ற அழைப்புகள் கைப்பேசியில் வந்து விழுகின்றன. உம்ராவுக்குக்கூட வட்டிக்கடன் வாங்கிச் செல்வோரைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். பாவமன்னிப்புத் தேடிச் செல்லும் பயணத்தை, அல்லாஹ் போர் அறிவித்துள்ள ஒரு பாவத்தின் மேல் ஏறிச் செல்வது எப்படித் தகும்? சீட்டுச் சேர்வோரும் கவனிக்க வேண்டும். கழிவு விட்டு எடுக்கும் ஏலச்சீட்டில் ஒருவர் குறைத்து எடுத்தது மற்றவருக்கு மிகுதியாகச் சேர்கிறது. அது வட்டியின் சாயல் கொண்டது. நாம் உடன்பிறந்தோர் நால்வரும் கழிவே இல்லாத குலுக்கல் சீட்டு நடத்துகிறோம். போட்ட தொகையே முழுதாகத் திரும்புகிறது. பயணம் சற்றுத் தாமதமாகலாம், மனம் கலங்குவதில்லை.

பொழுது: அதுவும் அமானிதம்

பொருளைவிடப் பொழுதே நமக்கு அரிதாக இருக்கிறது. மதரஸாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை. ஒரே வீட்டில் வாழ்கிறோம். குடும்பம் முழுவதற்கும் பொதுவான ஓய்வுநாள் வாரத்தில் ஒன்றுகூட இல்லை. ஆண்டு விடுமுறையோ சந்திரனைச் சார்ந்தது. ஷஅபான் நடுவில் தொடங்கி ஷவ்வால் நடுவரை நீளும் அவ்விடுமுறை ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள்கள் முன்னே நகர்கிறது. 2019இல் ரமளான் மே மாதத்தில் வந்ததால், மதரஸா விடுமுறையும் கோடை விடுமுறையும் ஒன்றாகக் கிடைத்தன. 2026இல் அது பிப்ரவரி, மார்ச்சுக்கு நகர்ந்து பிள்ளைகளின் தேர்வுக் காலத்தில் வந்து நின்றது. ரமளான் மீண்டும் மே மாதத்தை அடையும்போது 2050 ஆகிவிடும். அதுவரை காத்திருந்தால் நம் பிள்ளைகள் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போயிருப்பார்கள்!

ஆகவே நெடும்பயணத்தைக் குறைத்துக் குறும்பயணத்தைப் பெருக்கினோம். வியாழக்கிழமை வகுப்புகள் முடிந்து, இரவில் திருச்சியில் ரயிலேறினால், 300 கிலோமீட்டருக்கு மேல் கடந்து வெள்ளி காலையில் திருநெல்வேலி. உம்மாவின் கையால் காலை உணவு, மேலப்பாளையத்தில் ஜும்ஆ, அஸருக்குப் பின் அக்கம்பக்கத்து உறவுகள், இரவு மீண்டும் ரயில். சனிக்கிழமை காலைப் பாடத்துக்கு மதரஸாவில் இருப்போம். அதற்கு ஒரு நாள் விடுப்புக்கூடத் தேவையில்லை. குடும்பத்தோடு செல்லும் பயணங்களைக் காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் வைத்துக்கொள்கிறோம். கடையநல்லூரில் மூத்த ராத்தா, கோவை உக்கடத்தில் தம்பி என்று உறவினர் இருக்கும் திசையிலேயே பயணத்தையும் அமைக்கிறோம். உறவைச் சேர்ந்து வாழ்வோருக்கு உணவிலும் ஆயுளிலும் விசாலம் உண்டென்ற நற்செய்தி நாம் அறிந்ததே.

விடுப்பு எடுத்தே ஆகவேண்டிய வேளையில், சக ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி வகுப்பை மாற்றிக்கொள்கிறோம். திரும்பி வந்து அவருக்குரிய வகுப்பை நாம் எடுக்கிறோம். குர்ஆனை மனனம் செய்யும் மாணவன் இரண்டு நாள்கள் பழைய பாடத்தை ஒப்புவிக்காவிட்டால், அதை மீட்க ஒரு வாரம் பிடிக்கும். நம் விடுப்பின் விலையை அந்தப் பிள்ளை கொடுக்கக் கூடாது.

அலுவலகங்களில் பணிபுரியும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். தமிழக அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. மத்திய அரசு ஊழியருக்கு நான்காண்டுத் தொகுதிக்கான பயணச் சலுகை உண்டு. 2026 முதல் 2029 வரையிலானது தற்போதைய தொகுதி. உரிமையாகக் கிடைப்பதை முறையாகக் கேட்டுப் பெறுங்கள். அதில் கூச்சம் வேண்டாம். நோயில்லாமல் மருத்துவச் சான்றிதழ் வாங்கி ஊட்டிக்குப் போவதும், போகாத பயணத்துக்குச் சீட்டுக் காட்டுவதும் பொய்ச்சாட்சியே. அந்த நாளுக்குரிய ஊதியம் ஹலாலான உணவாக வீட்டுக்குள் நுழையுமா என்று யோசிக்க வேண்டும்.

விருந்தாளியின் ஒழுக்கம்

உறவினர் வீட்டில் தங்கினால் விடுதிச் செலவு மிச்சம்தான். நமக்கு மிச்சமாவது அவர்களுக்குச் செலவு என்பதை மறக்கலாகாது. விருந்தோம்பல் மூன்று நாள்கள். வீட்டாரைச் சிரமத்துக்கு உள்ளாக்கும் அளவுக்குத் தங்குவது கூடாது என்பது நபிவழி. நாம் இரண்டு இரவுகளைத் தாண்டுவதில்லை. போகும்போது வெறுங்கையோடு போவதுமில்லை. அடுப்படியில் ராத்தாவுக்குத் துணைவியார் கைகொடுப்பார்கள். பாத்திரம் கழுவுவது பிள்ளைகளின் வேலை. அதனால்தான் "மறுபடி எப்ப வருவீங்க?" என்ற கேள்வி இன்னும் நமக்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

வழியில் தொழுகைக்குச் சலுகைகள் உண்டு. நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்குவது இரு மத்ஹபிலும் உண்டு. ஷாஃபியீ மத்ஹபில் சேர்த்துத் தொழவும் இடமுண்டு. ஒளூவுக்குத் தண்ணீர், பெண்கள் தொழ இடம் உள்ள பள்ளிவாசல் எது என்பவற்றை முன்பே விசாரித்து வைத்தால் வீட்டுப் பெண்களுக்குப் பயணம் பாரமாகாது.

சபர் என்ற சொல்

நம் சமுதாயத்தில் "சபர்" என்றால் வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போவது என்றே பொருளாகிவிட்டது. தலைமுறை தலைமுறையாகச் சபுராளிகளை வழியனுப்பி வைத்த வீடுகள் நம்முடையவை. இரண்டாண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் விடுப்பில் ஊர் வருவோரின் நாள்கள், கல்யாண வீட்டிலும் விருந்திலும் கரைந்துபோகின்றன. அச்சகோதரர்களிடம் நாம் வேண்டுவது இது: வந்ததும் முதல் சில நாள்களைப் பெற்றோருக்கும் மனைவி மக்களுக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளைக் கீழக்கரைக்குக் கூட்டிச் சென்று, பழைய ஜும்ஆப் பள்ளியின் கல்தூண்களைக் காட்டுங்கள். அங்கே செலவாவது சொற்பம்; வாப்பாவின் கையைப் பிடித்து நடந்தது பிள்ளைகளின் நினைவில் நெடுநாள் நிற்கும்.

அதிகம் சம்பாதித்தால் அதிகம் பயணிக்கலாம் என்பது முழு உண்மையன்று. பொருள் நிறைந்தும் ஓய்வில்லாதோரை, ஓய்விருந்தும் உடல் ஒத்துழைக்காதோரை நாள்தோறும் காண்கிறோம். பிறருக்குரியதைக் கொடுத்த பின் நமக்கென்று எஞ்சுவது சிறிதே. அச்சிறிதில் போகக்கூடிய தூரத்துக்கு, உடல் நலமாக இருக்கும்போதே, நம்மை எதிர்பார்த்திருப்போர் உயிரோடு இருக்கும்போதே போய்வந்துவிட வேண்டும்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பொருளிலும் பொழுதிலும் பரக்கத் செய்வானாக! நம் பயணங்களை அவன் பொருந்திக்கொள்ளும் பயணங்களாக ஆக்கி, புறப்பட்டவர் அனைவரையும் நலமுடன் தம் வீட்டாரிடம் கொண்டுவந்து சேர்ப்பானாக! ஆமீன்.