லிஃப்ட் இறங்குது பாட்டி



பேத்தி அரைமண்டியில் நிற்கும் படத்தைப் போன வாரம் இங்கே போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், என் பொண்ணும் முட்டி வலிக்குதுன்னு அழறா, உங்க பேத்திக்கு எப்படிச் சரியாச்சு?" என்று ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பாகலூர் சாலை, தளி சாலை, மத்திகிரி என்று எங்கே திரும்பினாலும் இப்போது ஒரு பரதநாட்டிய வகுப்புப் பலகை தெரிகிறது. ஷிப்ட் முடிந்து வந்த களைப்போடு பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள், பாவம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பு அறிவியலை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். தொடை எலும்பு இடுப்பில் சேரும் இடம் பந்துக்கிண்ண மூட்டு, எல்லாப் பக்கமும் சுழலும். முழங்கால் கீல் மூட்டு, கதவு மாதிரி மடங்கும், நீளும், அவ்வளவுதான். அரைமண்டியில் கால் பக்கவாட்டில் திரும்ப வேண்டும் என்றால் அது இடுப்பில்தான் திரும்ப வேண்டும். இடுப்பு திரும்பாத பிள்ளை பாதத்தை மட்டும் இழுத்துத் திருப்பிக்கொள்ளும். பாதம் ஒரு பக்கம் பார்க்கும், முட்டி முன்பக்கம் பார்க்கும், நடுவில் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். என் பேத்திக்கு நடந்தது இதுதான்.

வகுப்பில் அவளுக்குக் கிடைத்தது இரண்டே சொல். "உட்காரு. முதுகை நிமிர்த்து." சொல்லித் தருபவர் நல்ல மனுஷி, உழைப்பாளி, குறை சொல்லவில்லை. ஆனால் "நிமிர்" என்றால் குழந்தை என்ன செய்யும்? நாற்பது குழந்தைகளைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிறுத்திப் பார்த்தவள் சொல்கிறேன்: நெஞ்சைத் தள்ளும், கீழ்முதுகை வளைக்கும், மூச்சைப் பிடித்துக்கொள்ளும். நிமிர்ந்தது போலத் தெரியும். அரை நிமிடத்தில் சரியும்.

இதற்கிடையே சலங்கை பூஜைக்கு நாள் குறித்தாயிற்று. என் மகள் புடவை வரைக்கும் எடுத்துவிட்டாள். பிள்ளையோ ராத்திரியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு, "நான் டான்ஸுக்குப் போகலை" என்கிறாள். எலும்பு மருத்துவரிடம் காட்டினோம். காயம் எதுவும் இல்லை, இடுப்பு திரும்புகிற அளவுக்குமேல் பாதத்தைத் திருப்ப வேண்டாம், வலி போகும்வரை ஓய்வு என்றார். இதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது. வலி என்றால் முதலில் மருத்துவர். நான் இனிமேல் சொல்லப்போவது அதற்குப் பிறகு.

உடம்புக்குக் கட்டளை போடுவதைவிட ஒரு படத்தைக் காட்டுவது நன்றாக வேலை செய்யும். இதை அமெரிக்காவில் மேபல் டாட் என்ற அம்மையார் 1937-லேயே புத்தகமாக எழுதினார். அவர் வழியில் வந்த லூலு ஸ்வைகார்ட், நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளியில் நடன மாணவர்களுக்கு இதையே பாடமாக நடத்தினார். மாணவர்களை மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்கி, "நீ ஒரு காலிச் சட்டையும் கால்சட்டையும்" என்று கற்பனை செய்யச் சொல்வாராம். எதையும் செய்யாதே, நினை, மற்றதை நரம்பு மண்டலம் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. 1998-இல் காப்ரியேல வுல்ஃப் என்பவர் பனிச்சறுக்குப் பயிற்சி இயந்திரத்தில் ஆட்களை ஏற்றிச் சோதித்தார். தங்கள் பாதத்தைக் கவனித்தவர்களைவிட, மேடைக்கு அடியில் இருந்த சக்கரத்தைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள்.

நமக்கு இது புதிதா என்ன! நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்களின் பெயர்களைப் பாருங்கள். தேள், மயில், மான், சிங்கம், கருடன் எல்லாம் அதில் இருக்கும். நடராஜரின் தூக்கிய திருவடிக்கு அறிஞர்கள் பொருத்திச் சொல்லும் கரணம் புஜங்கத்ராசிதம், அதாவது காலடியில் பாம்பைக் கண்டு திடுக்கிட்ட நிலை. தொடையை இத்தனை அங்குலம் தூக்கு என்று சொல்லவில்லை, பாம்பைக் காட்டிவிட்டார்கள். பாம்பைக் கண்டால் கால் தானாக வரும். கேரளத்துக் களரியிலும் நிலைகளுக்கு யானை, குதிரை, பன்றி, சேவல் என்றுதான் பெயர். சந்திரலேகா 1985-இல் 'அங்கிகா'வில் அந்தக் களரியையும் யோகத்தையும் பரதத்தோடு சேர்த்து மேடையேற்றியபோது பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு என்னவோ அவர் பக்கம்தான் நியாயம் என்று தோன்றுகிறது.

நான் என் பங்குக்கு, "தலையில் சும்மாடு, அதுமேல தண்ணிக்குடம், தளும்பாம இறங்கு" என்றேன். பேத்தி விழித்தாள். "சும்மாடுன்னா?" நம் ஊரில் இதைத் தெலுங்கு வீட்டில் சுட்டகுதுரு என்பார்கள், கன்னட வீட்டில் சிம்பி என்பார்கள், மூன்று மொழியிலும் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது மாடியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் வீட்டில் பிறந்தவளுக்கு எந்த மொழியில் சொன்னால் என்ன? கரகாட்டக்காரருக்கு அந்தக் குடம் நிஜம், கற்பனையே தேவையில்லை. இவளுக்கு அது பாட்டி கதை.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குத் தலையில் அடித்துச் சொன்ன பாடம்: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ. சரி என்று அவளையே கேட்டேன். "சாயாம, நேரா, மேலேயிருந்து கீழே இறங்குற எதை நீ பாத்திருக்க?"

யோசிக்கவேயில்லை. "லிஃப்ட்!"

"அப்ப நீதான் லிஃப்ட். இறங்கு."

இறங்கினாள். முதுகு சாயவில்லை, பின்பக்கம் துருத்தவில்லை. லிஃப்ட் எங்கேயாவது குனியுமா? பாதி வழியில் அவளே, "பாட்டி, கதவு ரெண்டு பக்கமும் திறக்குது" என்றாள். தொடை இரண்டும் இடுப்பிலிருந்து விரிந்தன, முட்டி பாதத்தின் மேலேயே நின்றது. "இறங்கும்போதே கதவு திறக்குற லிஃப்ட்டா?" என்றேன். "நம்ம அபார்ட்மென்ட் லிஃப்ட் அப்படித்தான்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அரைமண்டியில் இருந்த முதல் நாள் அது.

அதற்காக எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. எலும்பு அனுமதித்த அளவுக்குத்தான் கதவு திறக்கும், கற்பனையால் எலும்பின் அமைப்பை மாற்ற முடியாது. வகுப்பில் மற்ற பிள்ளைகளைவிட இவள் நாலு விரற்கடை உயரத்தில்தான் நிற்கிறாள். சலங்கை பூஜையைத் தள்ளிப்போட்டோம். மகளுக்கு என்மேல் வருத்தம், இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் வலி நின்றுவிட்டது, தட்டடவு முடித்து நாட்டடவுக்கு வந்திருக்கிறாள். நாட்டியாரம்பத்தில் முழங்கை தொங்குவதற்கு ஒரு படம் தேடிக்கொண்டிருக்கிறோம். 'இரண்டு முழங்கையிலும் புறா உட்கார்ந்திருக்கு' என்று நான் சொன்னது தேறவில்லை, புறா பறந்துவிடுகிறதாம். பால்கனியில் ஜோடிப் புறாக்களை நிஜமாகவே பார்ப்பவள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சிப்காட்டில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்யும் பழைய மாணவி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். அவள் தன் உச்சந்தலையைக் கொத்தனாரின் தூக்குநூல் கட்டிய ஆணி என்றும், முதுகின் அடிநுனியைக் குண்டு என்றும் நினைத்துக்கொள்கிறாளாம். அவள் அப்பா கொத்தனார். சாயங்காலம் இடுப்பு கொஞ்சம் தேவலை, தோள்வலி அப்படியே இருக்கிறது என்றாள்.

வீட்டில் ஆடும் பிள்ளை இருந்தால், நீங்கள் படம் சொல்லித் தராதீர்கள், அதனிடமே கேளுங்கள். என்ன சொல்லிற்று என்று கீழே எழுதுங்கள். முழங்கைக்கு ஏதாவது அகப்பட்டால் உடனே சொல்லுங்கள், இங்கே ஒருத்தி காத்திருக்கிறாள்.