ஊட்டிக் குளிரில் கூந்தல்

ஊட்டிக்கு எல்லோரும் மே மாதம் போவார்கள். மலர்க் கண்காட்சி, ஏரியில் படகு, வர்க்கி, யூகலிப்டஸ் தைலம் என்று முடித்துக்கொண்டு, "என்ன குளுகுளுன்னு இருக்கு!" என்று சொல்லியபடி இறங்கி வருவார்கள். ஜனவரியில் பார்த்தால் அது வேறு ஊர். விடியற்காலையில் தலைகுந்தா பக்கம் புல்வெளி முழுக்கக் கோலமாவைக் கொட்டினாற்போல் உறைபனி. வாசலில் நிறுத்திய ஸ்கூட்டரின் ஸீட்டை நகத்தால் சுரண்டினால் பொடிப் பொடியாக வரும். சில ராத்திரிகளில் குளிர் சைபர் டிகிரி வரைக்கும் இறங்கிவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம் அல்லவா!

2023 ஜனவரியில் மூன்று வாரம் அங்கே இருந்தேன். அக்கா மகளுக்கு நாலு மாதக் கைக்குழந்தை. மாப்பிள்ளைக்கு அங்கேதான் உத்தியோகம். அக்காவுக்கு முழங்கால் வலி, குளிர் ஆகாது. எனவே உதவிக்கு இந்தச் சித்தி. பூங்காவையும் ஏரியையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது அந்த மலைப் பெண்களின் தலைமுடியைப் பற்றி. சிரிக்காதீர்கள். குளிர்ப் பிரதேசத்தில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டிருக்கிறவளுக்குக் கூந்தலை எப்படி முடிவது என்பது அலங்கார விஷயமே இல்லை என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில்தான் போனேன். 46 கிலோமீட்டர் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கல்லாறு தாண்டியதும் நடுத் தண்டவாளத்தில் பல்சக்கரத்தைக் கொடுத்து, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஏறுகிறது. 1899-ல் குன்னூர் வரைக்கும் வந்த பாதை, 1908-ல்தான் ஊட்டியைத் தொட்டதாம். எதிர் ஸீட்டில் இரண்டு காலேஜ் பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. குன்னூர் நெருங்குவதற்குள் மூடுபனி உள்ளே புகுந்து முடியெல்லாம் நனைந்து, காற்றில் சிக்காகி, சீப்பு இறங்காமல் தவித்தார்கள். பக்கத்தில் இருந்த மலைக்கார அம்மாள் ஒன்றுமே பேசவில்லை. பனி தொடங்கும் முன்பே கூந்தலை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடரியில் கோடாலி முடிச்சாகப் போட்டு, மேலே ஒரு துண்டைக் கட்டிக்கொண்டாள். ஊட்டியில் இறங்கும்போது ஒரு மயிர் கலையவில்லை.

வீட்டுக்குப் போனால், என் அக்கா மகள் அழாத குறையாக நின்றாள். "சித்தி, இந்த ஊர்த் தண்ணி என் முடியையே தின்னுடுச்சு. பாருங்க" என்று சீப்பைக் காட்டினாள். கொத்துக் கொத்தாக முடி. கல்யாணத்தன்று பூச் சுற்றி, குஞ்சலம் கட்டி, இடுப்புக்குக் கீழே ஆடின சடை அது. இப்போது பாதிப் பருமன்கூட இல்லை. "கழுத்தோட வெட்டிடலாம்னு இருக்கேன்" என்றாள்.

ஊர்த் தண்ணீரின் மேல் பழி போடுவது நம் வழக்கம். ஆனால் பிள்ளை பெற்ற மூன்று நான்கு மாதத்தில் முடி கொட்டுவது சமவெளியிலும் உண்டு, சென்னையிலும் உண்டு. கர்ப்ப காலத்தில் உடம்பில் சுரக்கும் ஹார்மோன்களால், வழக்கமாக உதிர வேண்டிய முடிகூட உதிராமல் நின்றுவிடுகிறது. பிரசவம் ஆனதும் அவ்வளவும் சேர்ந்தாற்போல் உதிர்கிறது. பெரும்பாலானவர்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்த நாளுக்குள் பழையபடி வளர்ந்துவிடும். அதற்குமேலும் நிற்கவில்லை என்றால் இரும்புச் சத்து, தைராய்டு இரண்டையும் டாக்டரிடம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மலைக் குளிர் தன் பங்குக்கு முடியை வறட்டி, நுனியை உடைக்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் வந்ததில் பாவம், பெண் பயந்துபோய்விட்டாள்.

எண்ணெய் வைக்கலாமென்று பாட்டிலை எடுத்தால் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்து கிடக்கிறது. 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது உறையும். ஊட்டியில் அது உருகி இருக்கிற நாளைத்தான் தேட வேண்டும்! வெந்நீர்க் கிண்ணத்துக்குள் பாட்டிலை நிறுத்திவைத்து இளக்கிக்கொள்ள வேண்டியதுதான். நல்லெண்ணெய்க்கு இந்தத் தொல்லை இல்லை.

பக்கத்து வீட்டில் ஒரு படுகர் அம்மாள். வயது அறுபதுக்கு மேல். தலையில் வெள்ளைத் துணியை நெற்றிக்கு மேலே இழுத்துப் பின்னால் இறுக்கிக் கட்டியிருப்பார். ஹெத்தையம்மன் பண்டிகை வரும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அந்த வெள்ளை உடுப்போடு ஊர் ஊராகப் பெண்கள் போவது ஓர் அழகு. அந்த அம்மாள்தான் எனக்கு முதலில் சொன்னது: "அக்கா, இந்த ஊர்ல முடியைக் காயவச்சுக் கட்டணும், கட்டினதை மூடணும். அவ்வளவுதான்."

அதன் பிறகு வெளியே போகும்போதெல்லாம் என் கண் பெண்களின் தலையிலேயே நின்றது. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ஒருவர்கூட உச்சிக் கொண்டை போடுவதில்லை. பின்னிச் சுருட்டிக் கழுத்தை ஒட்டினாற்போல் கீழ்க் கொண்டை. மேலே துணி, அதற்கு மேலே முதுகுக் கூடையின் வார். கொண்டை மேலே இருந்தால் வார் எங்கே உட்காரும்? 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் இவர்களில் நிறைய.

1848-ல் அமைத்த தாவரவியல் பூங்காவுக்கு மேலே தோடர்களின் மந்து ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு வயதான தோடப் பெண்மணியைப் பார்த்தேன். கூந்தல் முழுக்கச் சுருள் சுருளாக இரண்டு தோளிலும் விழுகிறது. பிறவிச் சுருட்டை இல்லை. எருமை வெண்ணெய் தடவி, பிரி பிரியாகக் குச்சியில் சுற்றிச் சுருட்டி எடுப்பது அவர்கள் வழக்கம். வெண்ணெய் பூசிய முடிக்குள் பனி ஈரம் அவ்வளவு சுலபத்தில் இறங்குமா? அதன்மேல் சிவப்பும் கறுப்புமாக நூல் வேலை செய்த பூத்துக்குளியைப் போர்த்திக்கொண்டால், குளிருக்கு வேறென்ன வேண்டும்! இளம் பெண்கள் இப்போது நம்மைப்போல் பின்னிக்கொள்கிறார்கள். பூங்காவுக்கு எதிரே கம்பளி விற்கும் திபெத்தியப் பெண்மணி ஒருவர் இரட்டைப் பின்னல் போட்டு, இரண்டு நுனியையும் முதுகுப் பக்கம் சேர்த்துக் கட்டியிருந்தார். குனிந்து நிமிர்ந்து ஸ்வெட்டர் எடுத்துப் போட்டாலும் முன்னால் வந்து விழவில்லை.

இதையெல்லாம் நான் வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த வியாழக்கிழமை ராத்திரி வரைக்கும்.

ஒன்பது மணிக்குக் குழந்தை அழ ஆரம்பித்தான். பால் கொடுத்தாகிவிட்டது, துணி மாற்றியாகிவிட்டது, ஏப்பம் விட்டாகிவிட்டது. வயிற்று வலியோ என்று தோளில் போட்டுத் தட்டினோம். நிற்கவில்லை. அழுகையின் சுருதியே வேறாக இருந்தது. சத்தம் கேட்டுப் படுகர் அம்மாள் வந்தார். வந்ததும் வராததுமாக, "சாக்ஸைக் கழட்டு கண்ணு" என்றார். இந்தக் குளிரிலா என்று என் அக்கா மகள் தயங்கினாள். அவரே உட்கார்ந்து கழற்றினார். வலது காலில் இரண்டாவது விரல் திராட்சைப் பழம்போல் வீங்கிச் சிவந்திருந்தது. அடியில் மெல்லிய பள்ளம். டார்ச் அடித்துப் பார்த்தால், அம்மாவின் தலைமுடி ஒன்று இரண்டு மூன்று சுற்றாகச் சுற்றி இறுக்கியிருக்கிறது.

உருவப் பார்த்தோம், அசையவில்லை. முடி சதைக்குள் புதைந்துவிட்டது. உடனே காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே டியூட்டியில் இருந்த லேடி டாக்டர் பூதக்கண்ணாடி வைத்து, சின்ன முனைக் கருவியால் அறுத்து எடுத்தார். ஒரு மணி நேரத்தில் விரல் நிறம் திரும்பியது. தாமதமானால் ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடக்கூடும் என்று அவர் சொன்னபோது எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

டாக்டர் நிதானமாக விளக்கினார். அம்மாவுக்கு முடி கொட்டுகிற மாதங்களும், குழந்தை எந்நேரமும் சாக்ஸும் கையுறையும் போட்டிருக்கிற குளிர் மாதங்களும் சேர்ந்துகொண்டால் இது நேரலாம். உதிர்ந்த முடி துணியோடு துணியாகச் சாக்ஸுக்குள் போய்விடுகிறது. குழந்தை காலை உதைக்க உதைக்கச் சுற்றிக்கொள்கிறது. ஈரத்தில் நீண்டிருக்கும் முடி காயக் காயச் சுருங்கி இறுகும். ஆகவே சாக்ஸை உள்பக்கம் திருப்பி உதறித்தான் போட வேண்டும். துணி மாற்றும்போதெல்லாம் கை, கால் விரல்களையும், ஆண் குழந்தையானால் குறியையும் பார்த்துவிட வேண்டும். காரணம் தெரியாமல் குழந்தை விடாமல் அழுதால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். முடி தெரிந்து, சுலபமாகக் கழன்றால் சரி. இல்லாவிட்டால் வீட்டில் கத்தி, ஊசி என்று விளையாடாமல் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

மறுநாள் காலையிலேயே என் அக்கா மகள் கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். நான் தடுத்தேன். கழுத்தளவு வெட்டினால் வேரிலிருந்து உதிர்வது குறையாது, கட்டவும் முடியாது. அத்தனையும் பிள்ளை மேலேதான் விழும். கடைசியில் நடு முதுகு வரைக்கும் வெட்டிக்கொள்வதென்று சமாதானம் ஆயிற்று. சுருக்கக் காயும், பின்னலுக்கும் எட்டும்.

அன்றிலிருந்து தலைக்குக் குளிப்பது வாரம் ஒரு தரம், அதுவும் பகல் பதினோரு மணிக்கு, வெயில் வந்த பிறகு. கொதிக்கிற வெந்நீர் கூடாது, வெதுவெதுப்புப் போதும். பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்து, குழந்தை தூங்குகிற நேரத்தில் திண்ணை வெயிலில் உட்கார்ந்து முழுக்கக் காயவிட்டு, அங்கேயே சிக்கெடுத்து, சீப்பில் வந்ததை ஒரு காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஈரத்தோடு பின்னினால் ஊட்டியில் சாயங்காலம் வரைக்கும் உள்ளே ஈரம் நிற்கிறது. தலை கனத்து, வாடை அடிக்கிறது. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குச் சாம்பிராணிப் புகை போட்டு முடி காய வைப்போம். அது இங்கே வேண்டவே வேண்டாம். குழந்தைக்குப் புகை ஆகாது. தவிர, குளிருக்குப் பயந்து கதவை அடைத்த அறையில் கரி நெருப்பு வைத்தால், வாசனையே இல்லாத விஷவாயு உண்டாகித் தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். யூகலிப்டஸ் தைலத்தையும் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் தலையில் தேய்க்காதீர்கள். பச்சைக் குழந்தைக்கு அது ஆகாது.

இனி பின்னல். வீட்டில் இருக்கும்போது பிடரியிலிருந்து தளர்வாக மூன்று கால் பின்னல். அடியில் ரப்பர் பாண்டு போடாமல் பழைய வாயில் புடவைக் கிழிசலால் கட்டி, பின்னலை மேலே மடித்துச் செருகி, படுகர் அம்மாள் கட்டுவதுபோல் ஒரு மெல்லிய பருத்தித் துணியை நெற்றி முதல் பிடரி வரைக்கும் கட்டிவிடுவது. உதிர்கிற முடி துணியிலேயே நிற்கும். பால் கொடுக்கக் குனியும்போது பிள்ளை கையில் மாட்டாது. காதும் கதகதப்பாக இருக்கும். ராத்திரியும் இதே கட்டுத்தான்.

வெளியே போக, காதுக்குக் கீழே தொடங்கி இரண்டு பின்னல். இடதை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமுமாகப் பிடரியில் குறுக்கே கொண்டுபோய், நுனியை உள்ளே மறைத்து இரண்டே இரண்டு கொண்டை ஊசி. ஐந்து நிமிஷ வேலை. கொண்டை கீழே தட்டையாக இருப்பதால் கம்பளிக் குல்லாய் ஒழுங்காக இறங்குகிறது. நீளக் கூந்தல்காரர்கள் இரண்டு பின்னலையும் காதுக்கு மேலாக உச்சிக்குக் கொண்டுபோய்க் கிரீடம்போல் சுற்றலாம். கம்பளி வைத்துக் கட்டினதுபோல் காது காக்கும். நம் பள்ளிப் பெண்களின் ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய ரெட்டைச் சடையும் குளிருக்குக் கச்சிதம்தான். அதைக் கேலி பண்ணுகிறவர்கள் ஒரு ஜனவரிக் காலையில் ஏழரை மணிக்கு ஊட்டி பஸ் ஸ்டாண்டில் நின்று பார்க்கட்டும்.

எதைப் போட்டாலும் இழுத்து இறுக்கக் கூடாது. ஏற்கெனவே கொட்டுகிற முடியை இழுத்துக் கட்டினால் நெற்றியோரம் ஏறிவிடும். வகிட்டையும் இரண்டு நாளைக்கு ஒரு தரம் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் சும்மா இல்லை. கம்பளி நேராக முடியில் உரசினால் நுனி உடைகிறது, குல்லாயைக் கழற்றினால் முடி எழும்பி நிற்கிறது. அதற்காக என் பழைய பட்டு ரவிக்கை ஒன்றைப் பிரித்து, அவளுடைய குல்லாய்க்குள் உள்துணியாக வைத்துத் தைத்தேன். ரவிக்கையின் இரண்டு கையும் ஒரு குல்லாய்க்குச் சரியாக இருந்தது. முதுகுத் துணி மீந்தது. அதைப் படுகர் அம்மாள் வாங்கிக்கொண்டு போனார், பேத்தியின் குல்லாய்க்கு வைக்க.