மலையேறும் கிழவர்கள்

நீலகிரிக்குப் போகிறவர்கள் பூங்காவையும் ஏரியையும் தொட்டபெட்டாவையும் கண்டு களித்து, தேயிலைப் பொட்டலமும் தைலப் புட்டியும் வாங்கிக்கொண்டு திரும்புவது வழக்கம். நாம் இம்முறை போனது வேறு காரியமாக. ஸ்விட்சர்லாந்து தேசத்திலிருந்து கப்பலேறி வந்து, நம் மலையில் உழைத்துக் கிழடுதட்டிய எஞ்சின்களில் மிஞ்சியவற்றைத் தேடிப் பார்த்து வரவேண்டுமென்பதே நமது உத்தேசம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899ல் ரயில் ஓடத் தொடங்கியது; 1908ல் உதகைக்கு எட்டியது. மொத்தம் 46 கிலோமீட்டர் தூரம்தான். அதற்குள் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள்! இந்தப் பாதைக்கென்றே விண்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலை 1914 முதல் 1925க்குள் பன்னிரண்டு எஞ்சின்களையும், 1952ல் ஐந்தையும் செய்து அனுப்பியது. ‘எக்ஸ்’ வகுப்பு என்று அவற்றுக்குப் பெயர். உருப்படி பதினேழே பதினேழு.

கல்லாறு ஸ்டேஷனைத் தாண்டியதும் அவற்றின் அருமை விளங்கும். சுமார் பன்னிரண்டு அடி போவதற்குள் ஓர் அடி ஏறவேண்டிய செங்குத்து அது. சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். ஆகையால் தண்டவாளங்களின் நடுவே பல்வைத்த இரும்புச் சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று வண்டியைத் தள்ளுகிறது. நான்கு சிலிண்டர்களில் இரண்டு சக்கரங்களைச் சுழற்ற, இரண்டு பற்சக்கரத்தைச் சுழற்றுகின்றன. முதல் ஜோடியில் வேலை செய்து முடித்த நீராவியே இரண்டாவது ஜோடிக்கும் போகிறது. அரிசி களைந்த நீரைக் கொட்டிவிடாமல் மாட்டுத் தொட்டியில் ஊற்றும் கெட்டிக்கார இல்லத்தரசியின் சிக்கனம் இது!

இவர்களில் ஒருவரைக் கோயம்புத்தூர் ஸ்டேஷனில் மேடை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். இன்னொருவர் டில்லி தேசிய ரயில் காட்சிசாலையில் இருக்கிறார். இருவருக்கும் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் தொட்டுப் பார்த்தால் இரும்பு சில்லிட்டிருக்கிறது. உயிருள்ள எஞ்சினைக் காண வேண்டுமானால் குன்னூர்க் கொட்டகைக்குத்தான் போகவேண்டும்.

அங்கே ஒரு பிரச்னை நமக்குப் புலனாயிற்று. விண்டர்தூரின் அந்தப் பழைய கம்பெனி இன்று அப்பெயரில் இல்லை. ஒரு பல் தேய்ந்தாலும் கடுதாசி எழுதி வரவழைக்க வழியில்லை. திருச்சி பொன்மலைத் தொழிலாளர்கள் இதற்கு விடை கண்டார்கள். 2011 முதல் எண்ணெயில் ஓடும் புதிய எஞ்சின்களையும், 2021ல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் அவர்களே அதே வகையில் வார்த்தெடுத்தார்கள். “புதியது எப்படிப் பழையதாகும்?” என்று சிலர் கேட்கலாம். கோபுரத்தைக் காப்பது கல்லா, சிற்பியின் கையா? கை அற்றுப்போனால் கல்லும் நாளடைவில் பாழ்தான்.

இதே விண்டர்தூர் தொழிற்சாலை தன் சொந்த நாட்டு ஃபுர்க்கா மலைக்கும் பற்சக்கர எஞ்சின்கள் செய்து தந்தது. அவற்றில் நான்கை 1947ல் வியட்நாமுக்கு விற்றுவிட்டார்கள். யுத்தத்தினால் அங்கே பாதை நின்றது. எஞ்சின்கள் துருவேறிக் கிடந்தன. 1990ல் ஸ்விஸ் ஆர்வலர்கள் கடல் கடந்து சென்று அவற்றை மீட்டு வந்து, சிலவற்றைச் செப்பனிட்டு மீண்டும் ஓடவிட்டார்கள். கைவிட்ட பொருளைத் திரும்பப் பெற அவர்களுக்கு எத்தனை பாடு! நம்மிடமோ அது கைவிட்டுப் போகவேயில்லை. 2005ல் யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சொத்தென்று ஏற்றது. ஆனால் சொத்தைக் காக்கும் பொறுப்பு நம்முடையது.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீஸல் எஞ்சினைப் பூட்டுவார்கள். அந்தச் சில நிமிஷங்களில் காப்பிக்கு விரையாமல், குழந்தைகளை அழைத்துச் சென்று அந்தப் பற்சக்கரத்தைக் காட்டுங்கள். அவர்களில் ஒருவராவது “இதை யார் செய்தார்கள்?” என்று கேட்டால், பொன்மலையின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.