இருமுறை கேட்கும் கணினி

பங்கு அலுவலகத்தில் நாம் பயன்படுத்தும் லினக்ஸ் கணினி, கடவுச்சொல் கேளாமலே திறக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஆயினும் இணைய உலாவியைத் தொட்டவுடன், கடவுச்சொல் தருமாறு சிறு பெட்டியொன்று எழும். எதற்கென்று தெளிவாகச் சொல்லாது. இத்தகைய பெட்டியைக் கண்டு ஐயுறுவது நன்றே!

காரணமோ எளியது. நாம் சேமித்துள்ள கடவுச்சொற்களைக் காப்பது 'க்னோம் சாவிக்கொத்து' என்னும் பேழை. கணினிக்குள் நுழைகையில் தட்டும் கடவுச்சொல்லே வழக்கமாக அதனையும் திறந்துவிடும். தட்டாமல் நுழைந்தால் பேழை பூட்டியே கிடக்கும். உலாவி அதை நாடும்போது கேள்வி எழும்.

பேழையின் கடவுச்சொல்லை வெறுமையாக்கிவிடலாம் என்பர் சிலர். தொல்லை தீரும், உள்ளிருப்பவையோ பூட்டின்றிக் கிடக்கும். பலர் வந்து செல்லும் அறையில், பங்கின் வங்கிக் கணக்கைத் திறக்கும் சொல்லும் அதில் இருக்க, இது தகுமா? தானே நுழையும் வசதியை நீக்கச் செய்தோம். இப்போது காலையில் ஒருமுறை மட்டுமே கேட்கிறது.