எழுதுகோலின் செருக்கு

சென்ற மாதத்து ஞாயிறொன்றில், சுங்கை வேயில் நடந்த ஒரு பாராட்டுக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். சமுதாயக் கல்லூரியில் தேர்ச்சி பெற்ற இளைஞர்க்காகப் பெற்றோர் கூட்டிய சிறு கூட்டம் அது. பேச வந்தவன் அதே கல்லூரியில் முன்னர் பயின்று, இன்று குளிர்சாதனத் தொழிலில் எண்மருக்கு வேலை கொடுத்துவரும் இளைஞன். நம் தோட்டத்துப் பிள்ளை. அவன் அழைப்பின்மேல் சென்ற நாம் கடைசி வரிசையிலேயே அமர்ந்தோம். அதற்குக் காரணம் உண்டு.

பத்தாண்டுகட்கு முன், செம்பனைக் குலை வெட்டும் அவன் தந்தையார் எஸ்.பி.எம். தேர்ச்சித் தாளுடன் ஆபீசுக்கு வந்தார். "கிராணி ஐயா, பையன் சமுதாயக் கல்லூரியில் ஏர்கோன் வேலை படிக்க ஆசைப்படுகிறான். மனு எழுதித் தரவேண்டும்" என்றார். ஆங்கிலப் பள்ளியில் பயின்ற மிதப்பில் நாம், "அது கல்லூரியா? ஸ்பானர் பிடிக்கும் இடமல்லவா? பொறுத்திருங்கள், வேறு நல்ல இடம் பார்ப்போம்" என்றோம். அவர் மறுமொழி கூறாமல் தாளை மடித்துக்கொண்டு போனார். வேறு இடம் கிடைக்கவில்லை. பையன் ஓராண்டு உதிரிப்பழம் பொறுக்கினான். மறு ஆண்டு தானே மனு எழுதிச் சேர்ந்தான்.

நிற்க. நாம் இகழ்ந்த கல்வி எத்தகையது? அமெரிக்காவில் 1901ஆம் ஆண்டு ஜோலியட் என்னும் ஊரில் ஆறே மாணாக்கருடன் இவ்வகைக் கல்லூரி தொடங்கியது. நம் நாட்டில் 2001ஆம் ஆண்டு வந்தது. வசதி குறைந்த குடும்பத்தில் பிறந்த ஐலீன் காலின்ஸ் அம்மையார், 1976இல் கார்னிங் சமுதாயக் கல்லூரியில் தேறி, பின்னர்ப் பல்கலைக்கழகம் சென்றார். 1999இல் விண்வெளி ஓடத்திற்குத் தலைமை தாங்கிய முதற்பெண்மணியானார். அவ்வோடம் சுமந்து சென்ற சந்திரா தொலைநோக்கியோ, நம் தமிழர் சந்திரசேகரின் பெயர் தாங்கியது. அக்கல்லூரியின் வானாய்வுக்கூடம் இன்று அம்மையார் பெயரால் விளங்குகிறது.

இவையெல்லாம் நூலில் கிடைப்பவை. அறியாமையன்று நம் குற்றம், செருக்கே குற்றம். கையால் உழைப்பவன் தாழ்ந்தவன், ஏடெழுதுபவன் உயர்ந்தவன் என்ற பழைய சாதிப் புத்திதான் சட்டை மாற்றிக்கொண்டு நம் ஆபீசு மேசையில் அமர்ந்திருந்தது. மேடையில் சாதி ஒழிக என்று முழங்கும் நாம், ஸ்பானரைக் கண்டு முகம் சுளித்தோம்! 1972இல் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்த இந்தச் சுங்கை வேயிலே, தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் கைத்திறன் கொண்டு குடும்பம் காத்தனர்!

அவ்விளைஞன் தன் வெற்றியைப் பற்றிச் சிறிதே பேசினான். முதற் பருவத்தில் கணக்கில் தவறியதையும், பேருந்துக் கட்டணத்திற்கு அன்னையார் கடன் வாங்கியதையும் விரித்துரைத்தான். "என் கல்லூரிப் பெயரைச் சொல்ல எனக்கு வெட்கம். யாரேனும் கேட்டால், கிள்ளான் பக்கம் படிக்கிறேன் என்று மழுப்புவேன். தம்பி தங்கைகளே, நீங்கள் பெயரைச் சொல்லுங்கள்" என்றான். "நான் சேர ஓராண்டு தாமதமாயிற்று" என்றும் சொன்னான். யாரால் என்று சொல்லவில்லை.

கூட்டம் முடிந்தபின் அவனிடம் சென்று, "தம்பி, அவ்வோராண்டு நம்மால் போயிற்று" என்றோம். அவன் சற்றுப் பேசாதிருந்தான். பிறகு, "ஐயா, நம் லயத்தில் ஒரு பெண் சமையற்கலை படிக்க விரும்புகிறாள். அவளை நாளை ஆபீசுக்கு அனுப்பட்டுமா?" என்றான்.

மறுநாள் அம்மனுவை எழுதினோம். தோழர்களே, உங்கள் மேசைக்கும் ஒரு தந்தையார் வருவார். அவர் தாளை மடித்துக்கொண்டு திரும்பும்படி செய்யாதீர்கள்.