காதுக்கு ஒரு குடை

பல்கூச்சம் என்று சொன்னால் ஊரே புரிந்துகொள்கிறது. ஐஸ் தண்ணீரை நீட்டிவிட்டு, 'அடடா, உனக்கு ஆகாதுல்ல' என்று திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள். காதுக்கூச்சம் என்று சொல்லிப் பாருங்கள். 'அப்படின்னா?' என்பார்கள். அதோடு விட்டாலும் பரவாயில்லை. 'பழகினா எல்லாம் சரியாப் போயிடும்' என்று இலவசமாக ஒரு வைத்தியமும் சொல்வார்கள்.

என் அக்கா மகளுக்குக் காதுக்கூச்சம். வயசு 19. சின்ன வயதிலேயே ஆட்டிசம் என்று டாக்டர்கள் சொன்ன பெண். கணக்கில் புலி. இடையஞ்சாவடியில் எங்கள் வீட்டில் தங்கித்தான் புதுச்சேரிக்குக் கல்லூரி போய் வருகிறாள். இங்கே முந்திரித் தோப்பு, செம்மண் பாதை. மயில் கத்தினால் அதுதான் பெரிய சத்தம். வடக்கே மரக்காணம் உப்பளத்துப் பக்கம் போனால் அதுவும் கிடையாது, வெறும் காற்றுதான். ஆனால், புதுச்சேரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கல்லூரிக்கு ஒரு கிலோமீட்டர் நடை. சிக்கல் அங்கேதான். பின்னால் வரும் பஸ் ஏர்ஹாரன் அடித்தால் நமக்கு எரிச்சல். அவளுக்கு வலி. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிடுவாள். நடுரோட்டில் நிற்கிறாளே என்று அடுத்தவர் இன்னும் பலமாக அடிப்பார். போன வருஷம் ஒரு செமஸ்டரில் பாதி நாள் கல்லூரிக்கே போகவில்லை. பாடம் புரியாமல் இல்லை, பாதை தாங்காமல்.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே 50. ஆனால், வண்டியில் பொருத்தும் ஹாரன் 93 முதல் 112 வரை இருக்கலாம்! 55-க்கும் 95-க்கும் 40தானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். டெசிபலில் ஒவ்வொரு 10 ஏறும்போதும் ஒலியின் சக்தி பத்து மடங்கு. 40 என்றால் பத்தாயிரம் மடங்கு. தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் தடவை 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். கட்டியவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் எனக்கும் அறிமுகப்படுத்துங்கள்.

சரி, ஊரைத் திருத்த முடியாது, காதையாவது மூடுவோம் என்று இரைச்சல் நீக்கும் ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இதில் நம்மவர் பங்கு உண்டு. வங்காளத்து சுதந்திரப் போராட்டக்காரர் ஒருவரின் மகனான அமர் போஸ், அமெரிக்காவில் எம்.ஐ.டி. பேராசிரியராக இருந்தவர். 1978-ல் விமானத்தில் பாட்டுக் கேட்கப் போய், என்ஜின் இரைச்சலில் ஒன்றும் கேட்காமல், அங்கேயே காகிதத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். பதினோரு வருஷம் கழித்து, 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட் வந்தது. உள்ளே இருக்கும் மைக், வெளிச்சத்தத்தின் அலையைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்குகிறது. இரண்டும் மோதி அடங்கிவிடுகின்றன.

பஸ் என்ஜின் உறுமல் போச்சு. ஹாரன் போகவில்லை. காரணம் இருக்கிறது. ஒரே சீராக வரும் கனத்த ஒலியைத்தான் இந்த வித்தை நன்றாக அடக்கும். கீச்சென்று திடீரென்று வருவதைப் பிடிப்பது கஷ்டம். அடியில் இருந்த இரைச்சல் போனதும் ஹாரன் மட்டும் தனியாக, இன்னும் கூர்மையாகக் குத்துகிறது என்றாள்.

பஞ்சு அடைப்பான் வைத்து முழுசாக மூடிவிடலாம்தான். பின்னால் லாரி வந்தால்? எங்கள் தெருவில் பார்வையில்லாத பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குச் சத்தம்தான் கண். 'இந்த எலெக்ட்ரிக் வண்டிங்க பூனை மாதிரி வருதுப்பா, பயமா இருக்கு' என்பார். அவர் பயம் நியாயம்தான். ஐரோப்பாவில் 2021 ஜூலையிலிருந்து புது மின்சாரக் கார்கள் மெதுவாகப் போகும்போது செயற்கையாக ஒரு சத்தம் எழுப்பியாக வேண்டும் என்றே சட்டம். ஒருவருக்கு வேதனை, இன்னொருவருக்குக் கைத்தடி. ஒரே தெருவில் இரண்டு பேரும் நடக்க வேண்டும்.

அப்புறம் அவளிடமே கேட்டேன், 'உனக்கு என்னதாம்மா வேணும்?' என்று.

'மாமா, சத்தம் பெரிசா இருக்கிறதுகூட இல்ல. எப்ப வரும்னு தெரியாம இருக்கிறதுதான் பயம். தெரிஞ்சா தாங்கிக்குவேன். தீபாவளிக்கு நானே பத்தவைக்கிற வெடி ஒண்ணும் பண்றதில்ல, பாத்திருக்கீங்கல்ல?'

எந்தக் கம்பெனி இன்ஜினீயரும் முதலில் கேட்க வேண்டியது இந்த பதிலைத்தான். காதை மூடும் கருவி அல்ல, முன்கூட்டியே சொல்லும் கருவி.

ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் 'கிரீன் பாத்ஸ்' என்று ஒன்று செய்தார்கள். நடந்து போகிறவருக்குக் குறுக்கு வழியோடு, சத்தம் குறைந்த வழியையும் காட்டியது. போக்குவரத்து இரைச்சலை வரைபடத்தில் ஏற்றி வைத்திருந்ததால் முடிந்தது. நம் ஊரிலும் அளக்காமல் இல்லை. சென்னை உட்பட ஏழு பெருநகரங்களில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 70 இடங்களில் ஒலிமானி வைத்தது. அந்த எண்கள் அறிக்கைக்குப் போகின்றன. நடக்கிறவர் கைபேசிக்கு வருவதில்லை.

எங்களுக்கு ஒலிமானியும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை. கைபேசியில் டெசிபல் காட்டும் இலவச ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு ஒரு வாரம் இருவரும் நடந்தோம். எந்தத் தெரு, எந்தப் பக்கம், எத்தனை மணி என்று நோட்டில் அவள் எழுதினாள். பள்ளிக்கூடம் விடும் நேரம் எது, எந்தத் திருப்பத்தில் ஹாரன் கட்டாயம், எந்த இணைத்தெருவில் மரம் உண்டு என்று எல்லாம் வந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை பென்சிலால் ஒரு படம் போட்டாள். சிவப்பு முனைக்கு ஐம்பது அடி முன்னாலேயே ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாள். தாண்டியதும் கழற்றிவிடுகிறாள். வழி முந்நூறு மீட்டர் சுற்றுதான். இப்போது வாரத்தில் நாலு நாள் போகிறாள். ஐந்தாவது நாள்? சில வாரம் முடிகிறது, சில வாரம் முடியவில்லை.

2016-ல் வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகையில் ஆட்டிசமும் உண்டு. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கேட்கிறோம், பார்வையில்லாதவருக்குப் புள்ளி வைத்த ஓடு கேட்கிறோம். காதுக்கூச்சக்காரருக்கு ஒரு அமைதித் தெரு கேட்டால் என்ன தப்பு? புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலமானால் வண்டிகளை விடுவதில்லை. சுற்றுலாவுக்கு முடிகிறது என்றால் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கும் முடியும்.

மும்பை போலீஸார் ஒரு வேடிக்கை செய்தார்கள். சிக்னலில் டெசிபல்மானியைக் கட்டி, ஹாரன் சத்தம் 85-ஐத் தாண்டினால் சிவப்பு விளக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்படி வைத்தார்கள். அடித்தால் இன்னும் நிற்க வேண்டும்! எனக்கு ரொம்பப் பிடித்த கருவி அது. ஏனென்றால், அது தவிப்பவரின் காதில் மாட்டுவதல்ல, அடிப்பவரின் கையைப் பிடிப்பது.

அவள் படம் ஒரு குடை, அவ்வளவுதான். மழையை யாரும் பெய்ய வைப்பதில்லை, அதனால் குடையோடு சமாதானமாகிவிடலாம். ஹாரனுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கட்டைவிரல் இருக்கிறது. அடுத்த சிக்னலில் அது உங்களுடையதாக இருந்தால், ஒரு நொடி பொறுங்களேன்.